மூன்றாம் நாள் உருண்டை

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மேசையின் இரண்டாவது இழுப்பறையிலிருந்து. பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய என் கதைகளையெல்லாம் அங்கே பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். ஒரு சுண்டெலி அவற்றைக் கிழித்து மெத்தையாக்கி, அதில் ஐந்து குட்டி போட்டிருந்தது. என் எழுத்தால் ஓர் உயிருக்கு நன்மை உண்டாயிற்று என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

கமலவேணி (என் மனைவி, இந்தப் பகுதியோடு அவளுக்குக் கதையில் வேலை முடிந்தது, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை) என்னைத் தெருவுக்கு அழைத்துப்போனாள். பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் போய், அங்கிருந்தும் எங்கள் வீட்டைச் சந்தேகமாக ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்:

"கடைத்தெருப் பக்கம் போனா மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க."

எங்களுக்கு மகள் கிடையாது. மாப்பிள்ளை என்றால் எலி. எலிக்கு மருந்து வைக்கப்போவதை வீட்டுக்குள் பேசக் கூடாது, அது கேட்டுக்கொண்டிருக்கும், கேட்டுவிட்டால் வாய் வைக்காது. பெரம்பலூர் பக்கம் வந்து ஹெட் கிளார்க் ஆன பிறகும் இந்தச் சட்டம் என்னை விடவில்லை.

உரக்கடை வாசல் வரை போனேன். பொட்டலத்தைப் பார்த்தேன். வாங்க முடியவில்லை. பக்கத்துக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

"எங்க?" என்றாள், தெருவிலேயே நின்று.

நோட்டைக் காட்டினேன்.

"இதயும் அது தின்னுடும்" என்றாள்.

2

தொடக்கங்கள்.

அ) "1979ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் டவுன் பஞ்சாயத்து எல்லைக்குள் எலிகளின் பெருக்கம் காரணமாகப் பொதுமக்களுக்கு ஏற்பட்ட..." – ஆபீஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது. எனக்கு இந்த நடை தண்ணீர் பட்ட பாடு. அதுதான் இந்தக் கதையின் வினையே. பின்னால் தெரியும்.

ஆ) "ஆண்டாயிக்கு வறுத்த கடலையின் வாசம் என்றால் உயிர்." – நல்ல வரி. ஆனால் ஆண்டாயிக்கு எது உயிர் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. இறந்துபோனவளுக்கு நானாக ஒரு ஆசையை எழுதித் தருவதற்கு அதிகாரம் இல்லை. அடித்துவிட்டேன்.

இ) "பாலசுந்தரம் ஒரு நல்ல மனிதன்." – இதையும் அடித்துவிட்டேன். "பாலசுந்தரம் ஒரு வேடிக்கையான மனிதன்." இது நிற்கட்டும்.

பாலசுந்தரம் யார் என்று கேட்பீர்கள். நான்தான். கதை முடிகிற இடத்தில் இதை அவிழ்த்து உங்களை அசரவைக்கலாம் என்று ஒரு வாரம் ஆசைப்பட்டேன். ஆனால் நீங்கள் இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டு, எனக்காக மூச்சுக் காட்டாமல் இருப்பீர்கள். அந்தச் சங்கடம் நமக்குள் எதற்கு? அவன் நான். ஆனாலும் 'அவன்' என்றே எழுதுகிறேன். இந்த ஒரு சலுகையை மட்டும் கொஞ்ச நேரத்துக்குக் கொடுங்கள்.

3

அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகிற வழியில் எங்கேயோ ஓரிடத்தில் இறங்கினால் அதுதான். ஒரே கடைத்தெரு. அதில் கடலை மண்டி மூன்று, முந்திரிக் கிடங்கு ஒன்று, அரிசி மில், ரேஷன் கடை, நடுவில் டவுன் பஞ்சாயத்து ஆபீஸ். எலிக்கு ஒரு குறையும் கிடையாது. மனுசர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது.

எலிகள் மண்டியைத் தின்றபோது ஆபீஸ் கவலைப்படவில்லை. ஆபீஸையே தின்றபோதுதான் விழித்துக்கொண்டது. பிறப்புப் பதிவேட்டை விட்டுவிட்டு இறப்புப் பதிவேட்டை மட்டும் தேடிப்பிடித்துத் தின்றிருந்தன. ஆவணப்படி எங்கள் ஊரில் மூன்று வருஷமாக யாருமே சாகவில்லை.

"பாலு, எலி ஒழிப்பு வாரம் ஒண்ணு நடத்திடுவோம். நோட்டீஸ் எழுது" என்றார் நிர்வாக அதிகாரி. ஈ.ஓ. என்று கூப்பிடுவோம்; கதையிலும் அப்படியே இருக்கட்டும்.

இருபத்தேழு வயது கிளார்க் பாலசுந்தரம் ஐந்து அம்சங்களோடு நோட்டீஸ் எழுதினான். மூன்றாவது அம்சத்தைப் படித்துவிட்டு ஈ.ஓ. முதுகில் தட்டிக்கொடுத்தார்: "கீழே சிந்தும் தானியங்களை உடனுக்குடன் பெருக்கி மூட்டையில் சேர்த்துவிட வேண்டும்." சிந்தல் இருந்தால்தானே எலி வரும்?

* (அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. பெரிய மண்டி அய்யம்பெருமாளுடையது. அங்கே கூட்டிப் பெருக்குகிறவள் ஆண்டாயி, ஐம்பது வயதுக்காரி. தரையில் சிந்துகிற கடலை அவளுக்கு என்பது அவர் அப்பா காலத்து வழக்கம். சாயங்காலம் முந்தானையில் இரண்டு கை அளவு முடிந்துகொண்டு போவாள். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து அந்தச் சிந்தல் மூட்டைக்குத் திரும்பிப்போனது. "சர்க்கார் நோட்டீசு ஆண்டாயி, நான் என்ன பண்றது?" என்றாராம் அய்யம்பெருமாள். இது எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்தது. தெரிய வேண்டிய நேரத்தில் நான் நோட்டீசின் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். பிழையே இல்லை.)

எலி பிடிக்க அமாவாசை என்கிறவரை வரவழைத்தார்கள். அறுப்பு முடிந்த வயலில் வளை வெட்டி எலி பிடிப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். (கதையில் 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது 'வாய்யா, போய்யா'தான். இந்த மரியாதை பத்து வருஷம் லேட்டாக வருகிறது. எங்கள் ஊர் பஸ் மாதிரி.)

ஈ.ஓ. அவரிடம் சொன்னது இது: "ஊரு பூரா சுத்தமா முடிச்சுக் குடு. உன்னய நிரந்தரத்துக்கு எழுதுறேன்." முன்பணமாக ஸ்டோரிலிருந்து ஒரு காக்கிச் சட்டையும் கொடுத்தார். அமாவாசைக்கு அது இரண்டு ஆள் அளவு. கையை நாலு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு, அன்றைக்கெல்லாம் சுவரில் சாயாமல் நின்றார், அழுக்காகிவிடும் என்று.

"எலி புடிக்க என்னய்யா படிச்சிருக்க?" என்று பாலசுந்தரம் அவரை வம்புக்கிழுத்தான்.

"எலியும் எங்கிட்ட அதத்தான் சார் கேக்கும்" என்றார் அமாவாசை. ஆபீஸே சிரித்தது. அப்புறம் அவராகவே சொன்னார்: "வளைக்கு ஒரு வாசல் தெரியும் சார். அது நமக்குக் காட்டுற வாசல். இன்னொண்ணு இருக்கும், கள்ள வாசல். மேல விரக்கடை அளவுக்கு மண்ணு மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முன்வாசல்ல புகை போட்டா அத முட்டித் தள்ளிக்கிட்டு ஓடிரும். அதனால மொதல்ல கள்ள வாசலத் தேடிக் குதிகாலால மிதிச்சு அடைச்சிரணும். அப்பறம்தான் புகை."

"டவுன்ல வளைய எங்க வெட்டுறது? கடையையா இடிப்ப?"

"டவுனுக்கு உருண்டதான் சார். மூணு நாள் வேல."

4

அமாவாசையின் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கதைக்கு அது தேவை என்பதால் மட்டும் இல்லை. அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதை யாராவது ஒருத்தர் எழுத்தில் வைக்க வேண்டும் என்பதால்.

எலி சந்தேகப் பிராணி. புது சாமானைக் கண்டால் கொறித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். அதனால் முதல் நாளும் இரண்டாம் நாளும் வெறும் உருண்டை: வறுத்த கடலை, வெல்லம், பொரியரிசி மாவு. அது நம்பி வந்து பழகிய பிறகு மூன்றாம் நாள் அதே உருண்டையில் மருந்து. மருந்து கருப்பாக இருக்கும், பூண்டு வாடை அடிக்கும். திடீரென்று நிறமும் வாடையும் மாறினால் எலி கண்டுபிடித்துவிடும். ஆகவே அமாவாசை முதல் நாளிலிருந்தே உருண்டையில் கருப்பு எள்ளை வறுத்துப் பொடித்துப் போட்டார். பூண்டும் தட்டிப் போட்டார். மூன்று நாள் உருண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் நாள் சாயங்காலம் அய்யம்பெருமாள் மண்டி. கடலை பிரிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர். துடைப்பத்தோடு ஆண்டாயி. அமாவாசை சத்தமில்லாமல் மூலைக்கு மூலை உருண்டை வைத்துக்கொண்டு போனார். பாலசுந்தரத்துக்கு இந்த அமைதி தாங்கவில்லை. நடு மண்டியில் நின்று, கூரையைப் பார்த்துக் கும்பிட்டு, மைக் இல்லாத குறையாக ஆரம்பித்தான்:

"பேரன்பு மிக்க மாப்பிள்ளைமார்களே! பஞ்சாயத்து ஆபீஸ் சார்பில்..."

"சார், சார்!" என்று அய்யம்பெருமாள் ஓடிவந்து வாயைப் பொத்தினார். "கெடுத்தீங்களே! இந்த வருசம் மூட்ட பூரா ஓட்ட. அதுக காதுல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி உருண்டையைப் பார்த்து, "கருகருன்னு இருக்கே, இத எலி திங்குமா?" என்றாள்.

கேட்டிருக்கக் கூடாது என்று எழுதப்போனேன். அவள் மேல் எதற்குப் பழி? பாலசுந்தரம் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அய்யய்யோ சாரு!"

அவன் கண்ணை உருட்டினான். தொண்டையைப் பிடித்தான். நாக்கைத் தள்ளிக்கொண்டு கடலை மூட்டை மேல் மடேரென்று சாய்ந்தான். ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றான்.

மண்டியே அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ஆண்டாயி. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நெசமாவே திங்கலாமா சாரு?"

"தாராளமா. எதுக்கும் எலிய ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுத் தின்னு."

மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். அதை விட்டால் இது பொய்க் கணக்காகிவிடும்.

வெளியே வந்ததும் அமாவாசை மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "இது வேணாம் சார்."

"ஏன்யா, நான் தின்னத எலி பாத்திருச்சுன்னா?"

"எலி பாத்தா பரவால்ல சார். நல்லதுதான். மனுசங்க பாத்துட்டாங்க."

பாலசுந்தரம் இதையும் ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, மறுநாள் ஆபீஸில் அமாவாசை மாதிரியே பேசிக்காட்டினான்.

5

இரண்டாம் நாள் போய்ப் பார்த்தால் அந்த மண்டியில் ஒரு உருண்டைகூட மிச்சமில்லை. மற்றக் கடைகளில் பாதிதான் போயிருந்தது. பாலசுந்தரம் நோட்டில் 'மிக நன்று' என்று எழுதினான்.

அமாவாசை குத்தவைத்துத் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எலி தின்னா துருவல் கெடக்கணும் சார். தூக்கிக்கிட்டுப் போயிருந்தா தடம் இருக்கணும். இங்க கழுவி வுட்ட மாதிரி இருக்கு."

"பெருக்குறாங்கய்யா. நோட்டீஸ்ல மூணாவது பாயிண்ட் என்ன? உடனுக்குடன்!"

"அப்டிங்களா சார்" என்றார் அமாவாசை. அந்த 'அப்டிங்களா'வில் ஒரு கேள்வி இருந்தது. படித்தவன் சொன்ன பிறகு அதைக் கேட்கக் கூடாது என்று அவருக்கு யாரோ எப்போதோ கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

[இங்கே ஆண்டாயியின் குடிசைக்குள் போய், அவள் உருண்டையைப் பிட்டுத் தின்பதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். அரைப் பக்கம். உருக்கமாகவே வந்திருந்தது. அதனால்தான் கிழித்தேன். அவள் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதவன் உருக்கமாக எழுதினால் அது இன்னொரு வித்தை காட்டல்தான்.]

6

மூன்றாம் நாள்.

உருண்டைச் சட்டியைத் துணி போட்டு மூடித் தூக்கிக்கொண்ட அமாவாசை, ஆபீஸ் படியில் பாலசுந்தரத்தை நிறுத்தினார்.

"சார், இன்னிக்கு ஒரு நாளு மட்டும் வாயத் தொறக்காம வாங்க. உங்க கால்ல வேணாலும் வுழறேன். மாப்பிள்ள காதுல வுழுந்து கெட்டுச்சுன்னா ஈ.ஓ. சார் எழுத மாட்டாரு. என் வேல உங்க வாயிலதான் இருக்கு."

பாலசுந்தரம் வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது போல நடித்துக் காட்டினான். அமாவாசைகூட அன்றைக்குச் சிரித்தார்.

ஏற்பாடு இதுதான். கட்டட வரிப் பதிவேட்டைப் பார்த்து பாலசுந்தரம் ஒரு பட்டியல் போட்டிருந்தான். அதிலிருக்கிற ஒவ்வொருவரையும் தெருவுக்குக் கூப்பிட்டு, கடையை விட்டுத் தள்ளி நிறுத்தி, காதோடு 'இன்னிக்கு மருந்து' என்று சொல்ல வேண்டும். சொல்வது அவன் வேலை. வைப்பது அமாவாசை வேலை. பட்டியலில் நாற்பத்தொரு பேர். எல்லோரும் கட்டடம் உள்ளவர்கள். எல்லோரிடமும் சொன்னான், ஒருத்தர்கூட விடாமல். அய்யம்பெருமாளைப் புளியமரத்தடி வரை நடத்திக்கொண்டுபோய்ச் சொன்னான். அவர் தன்னிடம் கடலை பிரிக்கிற பெண்களை அன்று நேரத்தோடு அனுப்பிவிட்டார்.

கூட்டுகிறவள் கடைசியாகத்தானே போவாள்.

உள்ளே அமாவாசை மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து வைத்துக்கொண்டிருந்தார். பொழுது இறங்கவில்லை, ஓட்டுச் சந்து வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. பாலசுந்தரம் மௌன விரதத்தை ரசித்துக்கொண்டு, கையைக் கட்டியபடி, சாமியார் நடை நடந்துகொண்டிருந்தான். ஆண்டாயி துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"சாரு, இன்னிக்கு நீங்க திங்கலியா?"

பாலசுந்தரம் அவளைத் தெருவுக்கு

பாலசுந்தரம் வாயைத் திறந்து, "ஆண்டாயி, இன்னிக்கு இது

பாலசுந்தரத்துக்கு அந்த நேரத்தில் மனதில் ஏதோ

(நான்கு நாளாக இந்த இடத்தில் நிற்கிறேன். நோட்டில் பதினோரு பக்கம் போய்விட்டது. மனதில் ஒன்றும் தட்டவில்லை, அதுதான் உண்மை. எழுதிவிடுகிறேன், ஒரே மூச்சில்.)

பாலசுந்தரம் ஒரு விரலை உதட்டில் வைத்தான். இன்னொரு கையால் வயிற்றைத் தட்டிக் காட்டினான். ரொம்பிவிட்டது என்று. ஏப்பம் விடுகிற மாதிரி கன்னத்தை வேறு உப்பிக் காட்டினான்.

ஆண்டாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தாள். அவன் விரல் உதட்டில் இருந்ததால் அவளும் சத்தம் போடவில்லை.

7

மறுநாள் காலையில் செத்த எலிகளைப் பொறுக்க அமாவாசை முதலில் போனது அந்த மண்டிக்குத்தான். நிறைய விழுந்திருந்தன. அய்யம்பெருமாள் அவர் தோளைத் தட்டி, "வேல உனக்குத்தான்யா!" என்றாராம். அமாவாசை துடைப்பம் சாத்தியிருந்த மூலையைப் பார்த்தார். அந்த மூலையில் ஒரு துருவல் இல்லை, தடம் இல்லை. கழுவிவிட்ட மாதிரி இருந்தது. காக்கிச் சட்டையோடு ஓடினார். கடைத்தெருவில் அவரைப் பார்த்தவர்கள் எலி துரத்துகிறதா என்று கேலி செய்தார்கள்.

ஆண்டாயி அவள் வாசலில் கிடந்தாள்.

மண்டி லாரியில் ஏற்றி அரியலூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பின்னால் அமாவாசையின் மடியில் அவள் தலை. "அக்கா, அக்கா, ஒண்ணுமில்லக்கா" என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலசுந்தரத்துக்குக் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

அவள் முந்தானை முடிச்சில் இரண்டு உருண்டை இருந்தது. காய்ந்துபோய், முதல் நாள் உருண்டையாக இருக்க வேண்டும். யாருக்காக எடுத்துவைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் தெரியாது.

8

விசாரணை ஈ.ஓ. அறையில். பாலசுந்தரம் எழுத உட்கார்ந்தான். எதிரே அமாவாசை. சட்டையைக் கழற்றித் துவைத்து, மடித்து, கையில் வைத்திருந்தார்.

"மருந்த பொந்துக்குள்ள வைக்காம வெளிய எதுக்குய்யா வச்ச?"

"மண்டியில பொந்து ஏது சார்? மூல பாத்துத்தான் வைக்கணும்."

"சரி. அந்தம்மா அத திங்கிற சாமான்னு எப்படி நெனச்சுச்சு? கருப்பா, பூண்டு நாத்தமா... எவன் திம்பான்?"

அமாவாசை தலையைத் திருப்பி பாலசுந்தரத்தைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. இந்தக் கேள்விக்கு சாருக்குப் பதில் தெரியும், சார் சொல்வார் என்று காத்திருக்கிற பார்வை.

ஒரு வரி போதும். 'நான் தின்று காட்டினேன் சார்.' நான்கு சொல். வேலை போயிருக்காது, ஒரு மெமோ, மிஞ்சிப்போனால் ஒரு இன்க்ரிமென்ட் கட்டாகியிருக்கும். அமாவாசைக்குச் சட்டை தங்கியிருக்கும்.

பாலசுந்தரத்தின் பேனாவில் மை அடைத்துக்கொண்டது. உதறினான். மறுபடி உதறினான். அது ஒரு நிமிஷத்துக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தது.

"யாராச்சும் ஒருத்தன் பேர எழுதித்தானே ஆகணும்" என்று ஈ.ஓ. அலுத்துக்கொண்டார். "எழுது பாலு."

எழுதினான். "தினக்கூலிப் பணியாளர் அமாவாசை என்பவர் உரிய எச்சரிக்கையின்றி மருந்தினைத் திறந்த இடத்தில் வைத்ததன் காரணமாக மேற்படி அசம்பாவிதம் நேரிட்டது." வாக்குமூலம் கொடுத்தவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. படித்துக்காட்டினான். வேகமாகப் படித்தான். அமாவாசை கட்டைவிரலை மையில் தொட்டு, காட்டிய இடத்தில் வைத்தார். சட்டையை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதுதான் நான் எழுதிய முதல் கதை. ஒரு திருத்தம்கூட இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே கதையும் அதுதான்.

* (அந்த வாரம் புது இறப்புப் பதிவேடு வந்தது. முதல் பக்கம், வரிசை எண் ஒன்று: ஆண்டாயி. என் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் 'தவறுதலாக' என்று எழுதினேன். யாருடைய தவறுதல் என்று எழுத அதில் இடம் விடவில்லை.)

9

மாற்று முடிவு ஒன்று. லாரி ஊர் எல்லையைத் தாண்டும்போதே ஆண்டாயி வாந்தி எடுத்துப் பிழைத்துக்கொள்கிறாள். பத்து நாள் கழித்து மண்டிக்கு வந்து, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கே போகிறாள். "எங்கடா அந்தக் கூத்தாடி கிளார்க்கு? வாடா வெளிய! உப்பு கம்மின்னியே, இப்ப திங்கிறியா உப்பு போட்டு?" அவள் திட்டுகிற திட்டில் பாலசுந்தரம் பீரோவுக்குப் பின்னால் ஒளிகிறான். அமாவாசை, காக்கிச் சட்டை அளவாகத் தைக்கப்பட்டு, நடுவில் நின்று சமாதானம் செய்கிறார்.

இதை நான்கு விதமாக எழுதிப்பார்த்தேன். அவள் திட்டு ஒவ்வொரு தடவையும் இன்னும் பிரமாதமாக வந்தது. எழுதும்போது சத்தம்போட்டுச் சிரித்தேன். அப்புறம் நோட்டை மூடிவிட்டேன்.

மாற்று முடிவு இரண்டு: விசாரணையில் பேனா அடைத்துக்கொள்ளவில்லை. – இது ஒரு வரிக்கு மேல் போகவில்லை. எனக்கு நடக்காததை எழுதுவதில் இருக்கிற திறமை, நடந்திருக்கக்கூடியதை எழுதுவதில் இல்லை.

10

இனி பாலசுந்தரம் வேண்டாம். அவனை அனுப்பிவிட்டேன். இது என்னுடையது.

1986, அரியலூர் பஸ் ஸ்டாண்டு. தலை, புருவம், காது மயிர் எல்லாம் சுண்ணாம்புக் கல் தூளாக ஒருவர் என் கையைப் பிடித்தார். நான் அடையாளம் கண்டுகொள்ள நேரமாயிற்று. அதாவது, கண்டுகொள்ளாதவன் மாதிரி நிற்க முடிந்த வரைக்கும் நின்றேன்.

"சார், நாந்தான் அமாவாச. எலிக்கார அமாவாச."

ரெட்டிபாளையம் பக்கம் குவாரியில் கல் உடைப்பதாகச் சொன்னார். எலி பிடிக்க யாரும் கூப்பிடுவதில்லையாம். ஆளைக் கொன்னவன் கை என்று சொல்லி, வயலில்கூடக் கால் வைக்க விடுவதில்லையாம். இதையெல்லாம் கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். அவர் எனக்கு. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும் சார். ஏழு வருசமா மனசு கெடந்து அடிச்சுக்குது."

வந்துவிட்டது என்று நினைத்தேன். பாதி நிம்மதியாகக்கூட இருந்தது.

"அன்னிக்கு நான் உங்கள வாய மூடிக்கிட்டு வரச் சொல்லிருக்கக் கூடாது சார். நீங்க பாட்டுக்கு எப்பவும் போலப் பேசிக்கிட்டு வந்திருப்பீங்க. அந்தக்கா காதுல வுழுந்திருக்கும். எம் வேல போயிரும்னு பயந்துக்கிட்டு நாந்தான்... மூட்டைக்குப் பின்னாலேர்ந்து பாத்தேன் சார், நீங்க கை காட்டுனத. பேச முடியாம கைதான காட்ட முடிஞ்சுது உங்களால. எம் மேலதான் சார் தப்பு."

அவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார். அந்தக்காவை நான் எச்சரிக்கக் கை காட்டினேன், அவளுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் என்று.

'இல்லை அமாவாசை' என்று ஆரம்பிக்க வேண்டிய இடம் அது. டீ சூடாக இருந்தது. உடையார்பாளையம் பஸ் ஹாரன் அடித்தது. நான் சொன்னது இது. ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"விடுய்யா. நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத."

நான் அவரை மன்னித்தேன். கவனியுங்கள், நான் அவரை.

அவர் கண் கலங்கி, சுண்ணாம்புக் கையால் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றார்.

11

முடிவு எழுத இன்னும் மூன்று பக்கம் நோட்டில் மிச்சம் இருக்கிறது. எழுதப்போவதில்லை.

இந்தக் கதை எங்காவது அச்சானால் (ஆகும் என்று சொல்ல முடியாது, என் வாசகர் இழுப்பறையில் காத்திருக்கிறார்) நீங்கள் படிப்பீர்கள். அமாவாசை படிக்க மாட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று இருந்தேன்: ரெட்டிபாளையம் பக்கம் போகிறவர்கள் யாராவது அவரைத் தேடிப்பிடித்து இதைப் படித்துக்காட்டுங்கள். ஆறாம் பகுதியையும் எட்டாம் பகுதியையும் மட்டும் போதும். மெதுவாகப் படியுங்கள். நான் வேகமாகப் படித்தேன்.

இப்படிக் கேட்டு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உருக்கமாக இருக்கிறது பாருங்கள். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரம்பலூரில் பஸ் ஏறினால் நடுப்பகலுக்குள் ரெட்டிபாளையம். நானே போகலாம். மூன்று வருஷமாகப் போகலாம். போகாமல் நோட்டு வாங்கிவந்து கதை எழுதுகிறேன். முதல் பக்கத்தில் சுண்டெலியை வைத்து உங்களைச் சிரிக்கவைத்தேன். 'அவன்' என்று எழுதச் சலுகை கேட்டேன். அடைப்புக்குறி போட்டுப் போட்டு நல்லவன் மாதிரி வருத்தப்பட்டேன். எல்லாவற்றின் மேலும் விரக்கடை மண்தான் இருக்கிறது, முட்டினால் விழுந்துவிடும். இப்போது இதைச் சொல்வதும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

நான் போனேனா இல்லையா என்பதை உங்களிடம் விடுகிறேன். ஆனால் எனக்கு ஒரு முடிவு எழுதிக்கொடுப்பதற்கு முன்னால் அமாவாசை சொன்னபடி செய்யுங்கள். அவர் வேலையில் குறையே கிடையாது. இந்தப் பக்கங்களில் நான் தப்பித்துப் போகிற கள்ள வாசல் எது என்று தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். குதிகாலை நன்றாக ஊன்றி மிதித்து அடைத்துவிடுங்கள். அப்புறம் முன்வாசலுக்கு வாருங்கள்.

உள்ளேதான் இருக்கிறேன்.